பதினேழாம் பீப்பாயின் புளிப்பு

லிண்டகெம்,
14 அக்டோபர் 1963

ஒமேருக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் அண்ணனை அடக்கம் செய்த அன்று, இனி உங்கள் பெயர் என் வாயில் வராது என்று கல்லறை வாசலில் நான் சொன்னதை ஊரே கேட்டது. இதுவரை வாயால் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வரும் இருபத்தாறாம் தேதி காமீல் இறந்து ஒரு வருடம். காலை எட்டு மணிக்குத் திருப்பலி. வரச் சொல்லி எழுதவில்லை; தகவலுக்காக.

எழுதக் காரணம் வேறு. சென்ற வாரம் பீப்பாய் பார்க்கிற ஆகீல் ஆலை நிலவறையில் பழைய மாதிரிப் புட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது, பதினேழாம் பீப்பாயின் புட்டிகள் இரண்டு கிடைத்தன. பியரைச் சாக்கடையில் திறந்துவிடுவதற்கு முந்தைய நாள் எடுத்தவை. மெழுகு உடையவில்லை. ஒன்றை வைக்கோலில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுவைத்துப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அது காடியாகியிருந்ததா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசிக்க வருகிறது. உங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த ஆலையில் ஒரே விதி. ருசி பார்க்கிறவர் பீப்பாயின் பலகையில் சுண்ணக்கட்டியால் குறி போடுவார். வட்டம் என்றால் இன்னொரு வருடம் சும்மா விடு. கோடு என்றால் கலவைக்குத் தயார். சிலுவை என்றால் வினிகர் போலக் காடியாகிவிட்டது, கொட்டிவிடு. சிலுவை போட்டவரேதான் காலிப் பீப்பாய்க்குள் ஏணி வைத்து இறங்கி, எந்தப் பலகை காற்றை உள்ளே விட்டது என்று மோந்து கண்டுபிடிக்க வேண்டும். பதினெட்டாயிரம் லிட்டரைக் கொட்டச் சொல்கிறவன் அதன் இருட்டுக்குள்ளும் இறங்கட்டும் என்று அந்த மனிதர் விதித்தார்.

இருபது வருடமாக இந்த வீட்டின் நாக்கு நீங்கள். சுண்ணக்கட்டி உங்கள் சட்டைப் பையில் இருந்தது. பதினேழில் சிலுவை இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அதற்குள் இறங்கியவர் காமீல். நீங்கள் ஓஸ்டெண்டில் கடல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அது காடி என்றால், உங்கள் வேலையைச் செய்யப்போய் அவர் செத்தார். காடி இல்லை என்றால், ஒன்றுமில்லாததற்குச் செத்தார். எது என்று உங்கள் கையெழுத்தில் எனக்கு வேண்டும்.

ரெய்ன்ஹில்டுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. கோர்ட்ரெய்க்கில் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள், சனிக்கிழமை வருவாள். போன வாரம் சூப் குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "சித்தப்பா ஏம்மா இறங்கல?" என்று கேட்டாள். பயம் என்று சொன்னேன். சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இர்மா


ஓஸ்டெண்ட்,
19 அக்டோபர்

இர்மா அண்ணிக்கு,

புட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. மெழுகை உடைக்காமல் அதே வைக்கோலில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்துவிடும்.

என் நாக்கு போய்விட்டது. ஹெர்ரிங் மீனைப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மரத்தூள் புகை. காப்பிகூட மீனாகத்தான் இருக்கிறது. இங்கே மீன் கோக்கும் பெண்கள் எனக்கு 'பியர் துரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் குடிப்பதில்லை என்பதால். முதல் நாள் ஒருத்தி தன் குவளையை நீட்டினாள், வேண்டாமென்றேன். "ஏன் துரை, எங்க ஊரு பியரு உங்க வாய்க்கு இறங்காதோ?" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயர்.

திருப்பலிக்கு வர மாட்டேன். கடைசி வரிசையில் நின்றாலும் முன்னால் இருக்கிற முதுகெல்லாம் என்னைத்தான் பார்க்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப் புட்டி எதற்கு? சிலுவை இருந்தது. நான் இறங்கவில்லை. அண்ணன் இறங்கினான். பிள்ளையிடம் நீங்கள் சொன்னது இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.

இருபது வருடமாக 'வாடா ஒமேர், போடா ஒமேர்' என்றவர் இப்போது 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

ஒமேர்


லிண்டகெம்,
27 அக்டோபர்

ஒமேருக்கு,

நேற்று திருப்பலி முடிந்தது. மழை. பங்குச் சாமியார் காமீலின் பெயரை ஒரு முறைதான் சொன்னார். பிறகு வழக்கப்படி எதிரேயுள்ள மதுக்கடையில் காப்பியும் இறைச்சி வைத்த ரொட்டியும். புறா வளர்க்கும் சிரீல் வாய் நிறைய ரொட்டியோடு எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: "அண்ணன் மண்ணுல கெடக்கான், தம்பி மீனுக்குப் புகை போடுறான். அந்தப் பொகைக்குள்ள நிக்கிறவன் அன்னிக்கு இந்தப் பீப்பாக்குள்ள எறங்கியிருந்தா ஆகாதா?" இரண்டு பேர் சிரித்தார்கள். ரெய்ன்ஹில்ட் எழுந்து வெளியே போய் மழையில் நின்றாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஊர் எனக்காகப் பேசுகிறது என்று அப்போது ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நாக்கு போய்விட்டது என்கிறீர்கள். நான் நம்பவில்லை. அத்தை இறந்தபோது நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் மூக்கடைத்துக் கிடந்தீர்கள். துக்க விருந்தில் பரிமாறிய பியரை ஒரு வாய் குடித்துவிட்டு, "யாரு ஒன்பதாம் பீப்பாயிலருந்து எடுத்தது? அது அடுத்த வருஷத்துக்கு" என்று அழுகைக்கு நடுவில் கேட்டீர்கள். புகை அதையெல்லாம் அழித்துவிடாது.

இங்கே நிலைமை இது. இருபத்திரண்டு பீப்பாய்கள் நிரம்பி நிற்கின்றன. எதிலும் குறி இல்லை. நான் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது எடுத்து, நீர் கலந்து நிறத்தை வெளுக்க வைத்து, பியூரெட்டில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை சொட்டில் இளஞ்சிவப்பாகிறது என்று எழுதிவைத்தேன். கெண்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இதைத்தான் படித்தேன். பட்டியலை ஆகீலிடம் காட்டினேன். அவர் பன்னிரண்டாம் பீப்பாயின் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நக்கிவிட்டு, "இது பால் குடிக்கிற புள்ளைம்மா, இதைப் போயி கெழவன்னு எழுதியிருக்கீங்க" என்றார். என் பட்டியலில் பன்னிரண்டுதான் எல்லாவற்றையும்விடப் புளித்தது.

அன்றிலிருந்து ஒரு எண் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன், எழுத முடிந்தால்.

புட்டியை மறுபடி அனுப்புகிறேன். உங்கள் பதில் எனக்குப் போதவில்லை. சிலுவை இருந்தது என்று எழுதினீர்கள். நான் கேட்டது சிலுவையைப் பற்றி அல்ல, சுவையைப் பற்றி.

இர்மா


ஓஸ்டெண்ட்,
4 நவம்பர்

அண்ணி,

கல்லறைத் திருநாளுக்காகக் கொட்டகையை நான்கு நாள் மூடியிருந்தார்கள். நான்கு நாளும் கடற்கரையில் நடந்தேன். எதிர்காற்று. மூன்றாம் நாள் ரொட்டி ரொட்டியாக ருசித்தது. எனவே இனிச் சாக்கு இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு வீட்டுக்காரியின் சமையலறையில் உட்கார்ந்தேன். அவள் மாட்டுக் கறி வேக வைக்கப் போனாள், மதியம்வரை அடுப்பைப் பற்றவைக்காதே என்று கெஞ்சினேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். உப்பில்லாத ரொட்டி ஒரு துண்டு, தண்ணீர், புட்டி. எப்போதும் எழுதுவது போலவே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுதத் தெரியாது.

நிறம்: மழையில் நனைந்த பழைய செங்கல். விளக்கில் பிடித்தால் விளிம்பில் செம்பு. தெளிவு. நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது, ஒரு வருடம் கிடந்த புட்டிக்கு அது குறையல்ல.

மூக்கு: முதலில் புளிச் செர்ரி, கொட்டையோடு சேர்த்து நசுக்கியது. அடுத்து ஈர ஓக் மரம். அதற்குப் பின்னால் குதிரைச் சேணத்தின் உட்பக்கம், வியர்வை காய்ந்த தோல். கொஞ்சம் உலர்ந்த பிளம். பிறகு காடியைத் தேடினேன். காடிக்கு மூக்கில் ஓர் இடம் உண்டு, மேலே, கண்ணுக்குப் பக்கத்தில். அங்கே குத்தினால் கண் நனையும். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி மோந்தேன். மூன்றாம் முறை, அடுத்த வீட்டில் யாரோ வெங்காய ஊறுகாய்ச் சாடியைத் திறந்து உடனே மூடியது போல ஓர் இழை. அவ்வளவுதான். நல்ல பீப்பாய் எல்லாவற்றிலும் அந்த இழை இருக்கும். இல்லாவிட்டால் பியருக்குச் சோகை.

வாய்: இனிக்கப் போவது போல முதலில் ஏமாற்றுகிறது, அடிப்பிடித்த சர்க்கரை. உடனே புளிப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அது மோர்ப் புளிப்பு, அண்ணி. மூலை இல்லாதது. நடு நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது, தொண்டையை எரிக்கவில்லை. காடியாக இருந்தால் விழுங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும். மூடவில்லை. பின்னால் மரத்தின் துவர்ப்பு, பல்லுக்குப் பின்னே பட்டுத்துணியைத் தேய்த்தது போல. கடைசியில் இரும்பு, ஒரு சிட்டிகை உப்பு. விழுங்கிவிட்டு நூறு எண்ணினேன், இன்னும் இருந்தது.

குறை: பச்சை. முரடு. செர்ரியும் மரமும் தனித்தனியாக நிற்கின்றன, இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. ஒரு கோடை வேண்டும்.

முடிவு: வட்டம். ஒரு கோடை விட்டிருந்தால், அப்பா காலத்திலிருந்து நாம் எடுத்ததிலெல்லாம் இதுதான் முதலில் நின்றிருக்கும்.

இரண்டாவது வாய் குடிக்கவில்லை. மிச்சத்தை வீட்டுக்காரி கறியில் ஊற்றிக்கொண்டாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. காடி இல்லை. என் சிலுவை பொய். உங்களுக்கு வேண்டிய கையெழுத்து இதோ. இனி எழுத வேண்டாம்.

ஒமேர்


லிண்டகெம்,
10 நவம்பர்

ஒமேர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் என் கோபத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. ஒன்றுமில்லாததற்குச் செத்தார், அதையும் இவனே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று. இரண்டாம் நாள் கோபம் அதில் கால் ஊன்ற மாட்டேன் என்றது. ஊறுகாய்ச் சாடியைத் திறந்து மூடிய வாசம்வரை தேடிப் போகிற ஒருவன், இதைக் குடித்துவிட்டு எப்படிச் சிலுவை போட்டிருப்பான்? பயந்தாங்கொள்ளியாக இருந்தால் வட்டம் போட்டிருப்பான், இறங்க வேண்டியிருக்காது. குடிகாரனாக இருந்தாலும் வட்டம்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் சிலுவை உங்கள் கையில் பொருந்தவில்லை.

நேற்றுக் காலை நிலவறைக்குப் போனேன். ஆகீல் பீப்பாய் கசியாமலிருக்கப் பலகை இடுக்குகளில் நாணல் திணித்துக்கொண்டிருந்தார். பதினேழுக்கு யார் சிலுவை போட்டது என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"சின்னவரு வட்டந்தாம்மா போட்டாரு."

"அப்ப சிலுவை?"

"பெரியவரு. மறுநாள் காலையில வந்தாரு. சட்டைக் கையால வட்டத்த அழிச்சாரு. நான் கேட்டேன், என்ன முதலாளி, நீங்க ருசி பாத்தீங்களான்னு. பாக்கத் தேவையில்லை, வீட்டுல கணக்குப் போட்டாச்சுன்னாரு."

"ஒரு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "அடக்கத்தன்னிக்கு நீங்க கல்லறை வாசல்ல கத்துனப்பவே சொல்ல வந்தேன். சின்னவரு என் கையப் புடிச்சு அழுத்துனாரு. வாயத் தெறக்காதன்னு அர்த்தம். அப்பறம் நீங்களும் கேக்கல."

உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்தார்களா என்று கேட்டேன். இறக்கினார்களாம், எரிந்ததாம். காமீல் அடியில் நின்று வண்டலைக் கரண்டியால் வழிக்க ஆரம்பித்தபோது அதிலிருந்து விஷக்காற்று கிளம்பியது என்றார். ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். யார் பெயர் என்று ஆகீல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

'வீட்டில் கணக்கு' போட்டது நான். போன கடிதத்தில் ஒரு எண் அரிக்கிறது என்றேன். அதை இப்போது எழுதுகிறேன்: பதினான்கு. போன வருடம் பதினேழாம் பீப்பாய்க்கு என் சோதனை காட்டிய புளிப்பு அது. பத்தைத் தாண்டினால் காடி என்று நானே ஒரு வரம்பு வைத்திருந்தேன். போன வருடம் அக்டோபர் இருபத்துநான்கு, மதியச் சாப்பாட்டில் காமீலிடம் சொன்னேன். "பதினேழு பதினாலு காட்டுது. உங்க தம்பி வட்டம் போட்டிருக்காரு. ஒண்ணு அவர் நாக்கு மழுங்கிடுச்சு, இல்லைன்னா இறங்கப் பயப்படுறாரு. ரெண்டுல எதுன்னு நீங்களே கேளுங்க." அவர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிலுவையைப் பார்த்தேன். நீங்கள் வழிக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒமேர். அதை இந்த ஒரு வருடத்தில் இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் உங்களிடம் வந்து கேட்டாரா? என்ன பேசிக்கொண்டீர்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இர்மா


ஓஸ்டெண்ட்,
16 நவம்பர்

அண்ணி,

ஆகீல் சொல்லிவிட்டான். சரி.

அன்று மாலை மதுக்கடைக்கு வந்தான். நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன், நல்ல கை. பின்னால் வந்து நின்று, பதினேழைப் பற்றிப் பேசணும் என்றான். ஆட்டம் முடியட்டும் என்றேன். அவன் காத்திருக்கவில்லை. சிரீல், போஸ்ட்மேன், எல்லாரும் இருக்கும்போதே கேட்டான்: "உனக்கு நாக்கு போயிடுச்சா, இல்ல உள்ள எறங்க தைரியம் போயிடுச்சா?"

அது அவன் பேச்சு இல்லை என்று அப்போதே தெரிந்தது. அண்ணன் அப்படிக் கோர்வையாகப் பேச மாட்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "சிலுவை வேணும்னா நீயே போடு. போட்டா நீயே எறங்கு. விதி தெரியுமில்ல?" சுண்ணக்கட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனான். நான் ஆட்டத்தை முடித்தேன். ஜெயித்தேன்கூட.

மறுநாள் கோபத்தில் ரயிலேறி இங்கே வந்தேன். அவன் போட மாட்டான் என்று நினைத்தேன். அவனுக்கு மோரும் காடியும் ஒன்றுதான், அது அவனுக்கே தெரியும். வந்து என்னிடம் சுண்ணக்கட்டியைத் திருப்பித் தருவான், நான் கொஞ்சம் பிகு செய்து வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அவனுக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. பதினான்கு பதினான்குதான். மோரையும் காடியையும் சேர்த்து எண்ணிவிட்டது. அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பதினேழில் எல்லாம் மோர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கல்லறை வாசலில் நீங்கள் கத்தியபோது முதலில் எனக்கும் வாயில் பதில் வந்தது: 'சொன்னது நீங்கள்.' அடுத்த நொடி ரெய்ன்ஹில்ட் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவளுக்கு அப்பா போயாயிற்று. மேலும் நான் யோக்கியன் இல்லை. சுண்ணக்கட்டியைக் கொடுத்தவன் நான்தானே. எனவே பழி ஆளுக்குப் பாதி என்று வைத்தாலும், உங்கள் பாதியையும் நான் தூக்கிக்கொண்டு கிளம்புவது எளிதாக இருந்தது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை.

ஒன்று கேட்கிறேன். அவளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கு ஒரு சித்தப்பா போனால் போகட்டும். அம்மாவும் போக வேண்டாம்.

ஒமேர்


லிண்டகெம்,
24 நவம்பர்

ஒமேர்,

சொல்லிவிட்டேன்.

நீ கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று சனிக்கிழமை அவள் வந்தாள். வரும் வழியில் சிரீலைப் பார்த்தாளாம். அவன் ஏதோ சொல்ல, இவளும் சேர்ந்து சிரித்தாளாம். அதை என்னிடம் ஒரு பரிசு போலக் கொண்டுவந்து சொன்னாள். "இப்பல்லாம் எனக்குக் கோவமே வரதில்லம்மா, அந்த ஆள நெனச்சா சிரிப்புதான் வருது" என்றாள். சித்தப்பா என்ற சொல் 'அந்த ஆள்' ஆகியிருந்தது. அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தது நான்.

காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் கழுவினேன். பதினான்கு என்ற எண், சாப்பாட்டு மேசையில் நான் பேசியது, வட்டம், சிலுவை, உன் கடிதம், எல்லாவற்றையும். முடித்துவிட்டுத் திரும்பினேன். உன் கடிதங்களைக் கேட்டாள். கொடுத்தேன். ருசி எழுதிய கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள். படிக்கும்போது அவள் உதடு அசைந்தது.

பிறகு அவள் சொன்னது ஒன்றுதான். "ஒரு வருஷமா தெனமும் ராத்திரி ஜெபத்துல அவரு நல்லா இருக்கக் கூடாதுன்னு வேண்டியிருக்கேன்மா. நீங்க பக்கத்துல முழங்கால் போட்டு ஆமென் சொன்னீங்க."

எனக்கு அவள் எதற்காக வேண்டுகிறாள் என்று தெரியாது. அவள் மனத்துக்குள் வேண்டுவாள். தெரிந்திருந்தாலும் ஆமென் சொல்லியிருப்பேன் என்பதால் மறுக்கவில்லை.

இன்று காலை அறை காலியாக இருக்கிறது. கோர்ட்ரெய்க் விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டேன், அங்கே போகவில்லை. உன்னிடம் வந்தாளா?

இர்மா


ஓஸ்டெண்ட்,
26 நவம்பர்

அண்ணி,

இங்கேதான் இருக்கிறாள். பயப்பட வேண்டாம். ஞாயிறு மதியம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அடையாளம் தெரியவில்லை, ஒரு வருடத்தில் அண்ணனின் தாடை வந்துவிட்டது. மீன் கோக்கும் பெண்கள் "துரை, உன்னைத் தேடி ராணி வந்திருக்கா" என்று கத்தினார்கள். நான் கை கழுவாமலே வந்துவிட்டேன். என் கை நாறுகிறது என்று தள்ளி நின்றேன். அவள் தள்ளி நிற்கவில்லை.

வீட்டுக்காரி தன் தங்கையின் அறையைக் கொடுத்திருக்கிறாள். சாப்பிடுகிறாள். திங்கள் காலையிலிருந்து கொட்டகையில் மீன் கோக்கிறாள், வேண்டாமென்றால் கேட்கவில்லை. பயிற்சிக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்கிறாள். வீட்டுக்கும் வர மாட்டாளாம். உங்களுக்கு ஒரு வரி எழுது என்றேன், நீங்கள் எழுதுங்கள் என்றாள். அதனால் நான் எழுதுகிறேன்.

நேற்று மாலை அலைதடுப்புச் சுவர் ஓரம் நடக்கும்போது ஒன்று கேட்டாள். "அம்மாவுக்கு உண்மையிலயே அப்ப காடின்னு தோணுச்சா சித்தப்பா? நெஜமா நம்பித்தான் சொன்னாங்களா?"

நான் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் பார்ப்பது போல, நான் குடித்துவிட்டு என்ன சொல்லப்போகிறேன் என்று. பொய் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவள் ஏதோ முடிவு செய்யப்போகிறாள் என்று தோன்றுகிறது. நம்பித்தான் சொன்னேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் அதைப் படித்துக் காட்டுகிறேன். ஒரு வரி போதும், அண்ணி.

ஒமேர்


லிண்டகெம்,
30 நவம்பர்

ஒமேர்,

நீ கேட்ட ஒரு வரியை நான்கு முறை எழுதினேன். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கிழித்துவிட்டேன்.

உன் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அந்த வரியை அனுப்பியிருப்பேன். நீ படித்துக் காட்டும்போது உன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

உன் வீட்டுக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. கெண்டில் எங்கள் வகுப்பில் மூன்றே பெண்கள். இங்கே வந்ததும் எனக்கு எழுத்து மேசை கொடுத்தார்கள். இருபது வருடம், ஒவ்வொரு அக்டோபரும், காலை பத்து மணிக்கு இந்த வீடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு உன் வாயைப் பார்க்கும். நான் ஒரு மூலையில் குறிப்பேட்டோடு நிற்பேன். நீ சொன்னதை எழுதிக்கொள்வேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ சொன்னது தப்பு என்று ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதினான்கு வந்தபோது எனக்குக் கவலை வரவில்லை. கை சில்லிட்டது, மகிழ்ச்சியில்.

பத்து என்ற வரம்பு என் சொந்தக் கற்பனை என்று எனக்குத் தெரியும். கருவி இரண்டு புளிப்பையும் பிரிக்காது என்றும் தெரியும். முதல் வருடப் பாடம் அது. காய்ச்சி வடித்தால் காடி மட்டும் தனியாக ஆவியாகி வரும், அரை நாள் வேலை. செய்யவில்லை. செய்தால் உன் வட்டம் சரி என்று வந்துவிடுமோ என்று இருந்தது.

அவளிடம் இதைச் சொல். படித்துக் காட்ட வேண்டாம், உன் பேச்சில் சொல். அம்மா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருந்தாள். மாதிரிக் கிண்ணம் அன்று காலை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சோதனைக்கு எடுத்தது போக முக்கால் கிண்ணம் மிச்சம் இருந்தது. அவள் அதைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை.

இர்மா